என் மீது நானே கொடுக்கும் புகார்

கைப்பேசியில் ஒன்றை அழித்தால் அது அழிந்துவிடும் என்று இந்த நாட்டில் ஒரு நம்பிக்கை பரவிக் கிடக்கிறது, மேடம். பாமரர்களிடம் மட்டும் என்று நினைக்காதீர்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள் இரண்டு பேரிடம் விசாரித்தேன். அவர்களும் அப்படியே நம்புகிறார்கள். நம் காலத்தில் இதைவிட ஆபத்தான பிழை வேறில்லை. அழித்தது அழிவதில்லை. அது இருந்த இடத்தின் விலாசம் மட்டும்தான் அழிகிறது. நூலகப் பட்டியலில் ஒரு புத்தகத்தின் விலாச அட்டையைக் கிழித்து எறிந்தால் புத்தகம் அலமாரியை விட்டு மறைந்துவிடுமா? மறையாது. தேடத் தெரிந்தவன் தேடினால் கிடைக்கும். பதினொரு நாளாக இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். புத்தகத்தையே அடிக்கோடு போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன், பாருங்கள்.

உட்காரலாமா? நன்றி. என்னை ஞாபகம் இருக்கிறதா? எங்கள் குடியிருப்பில் நீங்கள் சைபர் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினீர்களே, அன்று முன் வரிசையில் இருந்தவன். பேனரில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்ததைச் சொன்னவன். ஆமாம், நானேதான். வேதமாணிக்கம். பாளையங்கோட்டையில் ஒரு பதிப்பகத்தில் முப்பத்தோரு வருஷம் மெய்ப்புத் திருத்தியவன். இப்போது குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர்.

நேற்று போனில் என்ன சொன்னீர்கள்? வழக்கு இருந்தால்தான் ஒரு போனை ஆய்வகத்துக்கு அனுப்ப முடியும், சும்மா ஒருத்தர் கேட்டால் அனுப்ப முடியாது என்றீர்கள். நியாயம். அதனால் வழக்கோடு வந்திருக்கிறேன். நான்கு பக்கம். எதிரி யார் என்பது இரண்டாம் பத்தியில் இருக்கிறது. படியுங்கள். வேதமாணிக்கம், வயது அறுபத்தெட்டு. ஆமாம், மேடம். புகார் கொடுப்பவனும் நான்தான், எதிரியும் நான்தான். ஒரே ஆள் இரண்டு பக்கமும் இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. தேடிப் பார்த்துவிட்டேன். சிரிக்காதீர்கள். ஏட்டையா, உங்களைத்தான்.

வெளியே பெஞ்சில் நீலச் சேலையில் உட்கார்ந்திருப்பவள் என் மனைவி. ரூபி. உள்ளே வரச் சொல்ல வேண்டாம், களைத்துப்போயிருக்கிறாள். அவள் பேசமாட்டாள். பேச முடியாது.

நீங்கள் அவள் பேசிக் கேட்டதில்லை. பெரிய குரல், மேடம். வீட்டுக்குள்ளிருந்து விலை கேட்டால் தெருமுனையில் மீன்காரர் பதில் சொல்வார். சர்ச்சில் பாட்டு முடிந்த பிறகும் அரை வரி பாடிக்கொண்டிருப்பாள். ‘ரூபி, கொஞ்சம் மெதுவாக’ என்று முப்பத்தொன்பது வருஷம் சொல்லியிருக்கிறேன். போன ஐப்பசியில் ஒரு மாற்றம். சொற்கள் வழுக்க ஆரம்பித்தன. ‘பழம்’ என்றால் நாக்கு மடங்கவில்லை. அசட்டை என்று நினைத்தேன். திருத்தினேன். சாப்பிடும்போது, நடக்கும்போது, ஜெபத்துக்கு நடுவில்கூடத் திருத்தினேன். மூன்று முறை சொல்லச் சொல்வேன், மூன்று முறையும் சொல்வாள். இரண்டு மாதம் திருத்தினேன்.

பிறகு டாக்டரிடம் போனோம். நரம்பு நோய் என்றார். முதலில் நாக்கு, பிறகு தொண்டை, பிறகு கைகள். சில மாதங்களில் பேச்சு போய்விடும், அதற்குள் குரலைச் சேமித்து வையுங்கள் என்றார். ஏதோ மழைத் தண்ணீரைச் சேமிக்கச் சொல்வதுபோலச் சொன்னார். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மாதான் பிரம்மசக்தியின் நம்பரைக் கொடுத்தார்.

பிரம்மசக்தி கல்லூரி மாணவி. கடைசி வருஷம், கம்ப்யூட்டர் படிப்பு. அவளுடைய சித்தப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அறுவை சிகிச்சைக்கு முன்னால் அவர் குரலைப் பதிந்து வைக்க இந்தப் பெண் ஒரு செயலி எழுதினாள். பேச்சுப்பலகை என்று பெயர். திறந்தால் மஞ்சள் மஞ்சளாகப் பொத்தான்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வாக்கியம், உங்கள் குரலிலேயே. அழுத்தினால் நீங்கள் பேசுவீர்கள். அவ்வளவுதான். பதினான்கு வீடுகளில் அதை வைத்திருந்தார்கள்.

ஆனால் போனோடு வருகிற செயலிக் கடையில் அந்தச் செயலி இல்லை. வெளியிலிருந்துதான் ஏற்ற வேண்டும். நான் முதல் நாளே ஆட்சேபித்தேன், மேடம். இதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ‘ஏன் முறைப்படி கடையில் வைக்கவில்லை?’ என்று கேட்டேன்.

‘அவங்க அடையாளம் கேக்காங்க, தாள் கேக்காங்க, இத்தனை பேர் இத்தனை நாள் சோதிச்சுப் பாக்கணும்ங்காங்க. அதுக்குள்ள சித்தப்பா குரல் போயிரும்லா ஐயா’ என்றாள்.

‘பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறதே அம்மா?’

‘உங்க வீட்டுக்குள்ள எந்த நாற்காலியைப் போடலாம்னு வீடு கட்டுன கொத்தனார்கிட்டயா ஐயா கேப்பீங்க?’

சாமர்த்தியமான பதில். ஆனால் தவறான ஒப்புமை. நாற்காலி திருடாது. அதைச் சொன்னேன். இன்னொன்றும் கேட்டேன்: ‘இவள் குரல் இந்த போனை விட்டு வெளியே எங்காவது போகுமா?’ போகும் என்றால் வேண்டவே வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். ‘போகாது ஐயா, போனுக்குள்ளயே இருக்கும், என்கிட்டகூட வராது’ என்றாள். ரூபி போனை என் கையிலிருந்து பிடுங்கினாள். ‘அனுமதிக்கவா’ என்று போன் மூன்று முறை கேட்டது. மூன்று முறையும் அவளே அழுத்தினாள்.

மார்கழி முழுக்கவும் தையில் சில நாளும் பதிவு. காலை பத்து மணிக்கு, குக்கர் ஓய்ந்த பிறகு, ஜன்னலை மூடிவிட்டு. பட்டியலை நான் தயாரித்தேன். இருநூற்றுப் பதினான்கு வாக்கியங்கள், பொருள்வாரியாக: உணவு, உடல்நலம், விருந்தினர், இறைவழிபாடு. முதல் வாக்கியம் ‘எனக்குத் தாகமாக இருக்கிறது.’

‘தண்ணின்னு சொன்னா போதாதா?’ என்றாள்.

‘நிலைத்து நிற்கப்போகிற பதிவு ரூபி. முழு வாக்கியமாக இருக்கட்டும்.’

‘நான் நாப்பது வருஷமா இப்பிடியா தண்ணி கேட்டேன்? வாரவங்க யாரோ ரேடியோ பாடுதுன்னு நெனைப்பாங்க.’

ஆனாலும் சொன்னாள். ‘தாகம்’ சரியாக விழவில்லை. மறுபடி. மறுபடி. ஏழாவது முறை ஓரளவு வந்தது. நோயாளியை நான் எப்படி வாட்டினேன் என்று அவள் அக்காள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உழைப்பில்லாமல் தரம் வருமா, நீங்களே சொல்லுங்கள்.

அவளாகவும் சில பொத்தான்கள் வைத்துக்கொண்டாள். ‘ஏ மனுசா, காது கேக்கலையா?’ என்று ஒன்று. அதற்கு மாற்றாக ‘தயவுசெய்து கவனியுங்கள்’ என்று ஒன்றைப் பதியச் செய்தேன். பங்குனியில் பேச்சு முழுதாக நின்ற பிறகு எந்தப் பொத்தான் வேலை செய்தது என்று நீங்களே ஊகிக்கலாம். பக்கத்து அறையில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். ‘ஏ மனுசா’ என்று வரும். ‘இதோ வருகிறேன்’ என்பேன். பொத்தான் என்பது மறந்துபோகும். ஒருநாள் குளியலறையிலிருந்து பத்து நிமிஷம் அவளோடு வாதாடினேன். வெளியே வந்து பார்த்தால் போனை மடியில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரிக்கிறாள். சத்தமில்லாத சிரிப்பு. சிரிப்புக்குப் பொத்தான் வைக்க நான் மறந்துவிட்டேன்.

பிறகுதான் ஜெபராஜ் விவகாரம். எங்களுக்கு மேல் மாடியில் இருப்பவர். கல்யாணப் பத்திரிகை என்று போனில் ஒரு கோப்பு வந்தது. திறந்தார். பெண்ணும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை, அவருடைய சேமிப்பும் இல்லை. அந்த மனிதர் மாடிப்படியில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். நான்தான் உங்களுக்கு எழுதி அந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்தேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? குறிப்பெடுத்து வைத்திருக்கிறேன். ‘வெளியிலிருந்து ஏற்றிய செயலி எதுவாக இருந்தாலும் உடனே நீக்குங்கள். சந்தேகம் இருந்தால் போனையே வாங்கிய நாளில் இருந்தபடி ரீசெட் செய்துவிடுங்கள்.’ சரிதானே? உங்களைக் குறை சொல்லவில்லை, மேடம். சரியான அறிவுரை. நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை, அது ஒன்றுதான்.

அன்று மதியம் மூன்று மணி. ரூபி அக்காளோடு இயன்முறை மருத்துவரிடம் போயிருந்தாள். போன் சார்ஜில் இருந்தது. முதலில் என் போனைச் சுத்தம் செய்தேன். பிறகு அவளுடையதை எடுத்தேன். சிவப்பாக ஓர் எச்சரிக்கை: இந்தச் செயலி தீங்கானதாக இருக்கலாம். கீழே பெரிய பொத்தான், நீக்கு. அதற்கும் கீழே, தரவும் சேர்ந்து நீக்கப்படும் என்று ஒரு வரி. படித்தீர்களா என்று ரூபியின் அக்காள் பிறகு கேட்டாள். படித்தேன். ஆனால் மெய்ப்புத் திருத்துகிறவன் எப்படிப் படிப்பான் என்று அவளுக்குத் தெரியாது. அவன் பொருளைப் படிக்கமாட்டான், எழுத்தைப் படிப்பான். அந்த வரியில் எழுத்துப் பிழை இல்லை. அழுத்தினேன்.

என் மனதில் என்ன இருந்தது தெரியுமா? மூலப்பிரதி. எங்கள் தொழிலில் அச்சுத்தாளில் எதை அடித்தாலும் ஆசிரியர் எழுதிய மூலப்பிரதி அலமாரியில் பத்திரமாக இருக்கும். முப்பத்தோரு வருஷம் அந்தத் தைரியத்தில்தான் அடித்தேன். குரல் என்று ஒன்று பதிவானால் அதற்கும் எங்கேயோ ஒரு மூலப்பிரதி இருக்கும், பிரம்மசக்தியிடமாவது இருக்கும் என்று... இருக்க வேண்டும் அல்லவா? எந்தப் பைத்தியக்காரன் மூலப்பிரதி இல்லாமல் வேலை செய்வான்? செயலியை நீக்கினேன். ரீசெட் செய்தேன். பிறகு மேசையில் உட்கார்ந்து, இப்படி அங்கீகாரமில்லாத செயலிகளை நோயாளிகளின் வீடுகளில் ஏற்றுகிறாள் என்று கல்லூரி முதல்வருக்கு மூன்று பக்கம் எழுதினேன். நகல் நான்கு பேருக்கு.

ரூபி ஐந்து மணிக்கு வந்தாள். போனை எடுத்தாள். மஞ்சள் பலகையைத் தேடினாள். திரையை இடது பக்கம் தள்ளினாள், வலது பக்கம் தள்ளினாள். அணைத்துவிட்டு மறுபடி போட்டுத் தேடினாள். பிறகு என்னைப் பார்த்தாள். அப்போது விரல்களில் இன்னும் கொஞ்சம் பலம் இருந்தது. சிலேட்டை இழுத்து ‘எங்கே’ என்று எழுதினாள். நான் பாதுகாப்பைப் பற்றி விளக்கினேன். கால் மணி நேரம் விளக்கினேன், மேடம். அவள் சிலேட்டை அழிக்கவே இல்லை. அந்த ஒரு சொல்லை எனக்கு நேராகப் பிடித்துக்கொண்டே இருந்தாள். கீழே வைக்கவில்லை.

பிரம்மசக்திக்கு போன் போட்டேன். ‘உன் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருக்கிறதுதானே அம்மா?’

‘இல்லய்யா.’

‘எங்காவது?’

‘ஐயா, நீங்கதான மொத நாளே கேட்டீங்க, குரல் வெளிய போகுமான்னு. போகக் கூடாதுன்னுதான் அப்பிடிச் செஞ்சேன். எல்லாருக்கும் அப்பிடித்தான்.’

இரண்டு நாளில் என் கடிதமும் போய்ச் சேர்ந்தது. இனி யாருக்கும் அந்தச் செயலியைக் கொடுக்கமாட்டேன் என்று கல்லூரியில் அவளிடம் எழுதி வாங்கிவிட்டார்களாம். இறக்கிக்கொள்ளும் இணைப்பையும் எடுத்துவிட்டார்களாம். போன் உடைந்த ஒரு வீட்டில் புது போனில் ஏற்ற முடியாமல் தவிக்கிறார்களாம். அது வேறு விஷயம், அதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

கடையிலிருந்து முறைப்படி வேறொரு செயலி இறக்கிக் கொடுத்தேன். எழுதினால் இயந்திரம் படிக்கும். பெண் குரல். சும்மா சொல்லக் கூடாது, அருமையான உச்சரிப்பு. ‘எனக்குத் தாகமாக இருக்கிறது’ என்று ஒரு தடவை போட்டுக் காட்டினேன். ரூபி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். இரண்டு நாள் தண்ணீரே கேட்கவில்லை. நானாகப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன்.

நேரில் போய் அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் நின்றேன், மேடம். சங்கச் செயலாளர், அறுபத்தெட்டு வயது. கதவைத் திறந்தவர் அந்தச் சித்தப்பா. பேச முடியாதவர். என்னை உட்கார வைத்து, போனில் ஒரு பொத்தானை அழுத்தினார். ‘வாங்க, காப்பி சாப்பிடுதீங்களா?’ என்றது அவர் குரல். காப்பியைத் தொடாமலே வந்த காரியத்தைச் சொன்னேன்.

பிரம்மசக்தி தன் போனில் பழைய செய்திகளையெல்லாம் தேடினாள். மைக் சரியாகப் பதிகிறதா என்று பார்க்க மார்கழியில் ரூபி அவளுக்கு ஒரே ஒரு ஒலித்துண்டு அனுப்பியிருந்தாள். நான்கு விநாடி. அந்த ‘தாகம்’ நடந்துகொண்டிருந்த நாள். ஏழாவது முறைக்கு அப்புறம் நான் எட்டாவது கேட்டிருக்கிறேன்போலும். ‘போதும், விடுங்க’ என்கிறாள். அவ்வளவுதான் அதில் இருக்கிறது. இருநூற்றுப் பதினான்கில் அது கிடையாது. என் பட்டியலிலேயே இல்லாத வாக்கியம்.

எழுதிக் கொடுத்ததை மீறி அந்தப் பெண் ஒற்றைப் பொத்தானோடு ஒரு பலகை செய்து கொடுத்தாள். ஏற்றப் போனால் போன் மறுக்கிறது. ஏனென்றால் இருக்கிற பாதுகாப்பு எல்லாவற்றையும் நானே போட்டுப் பூட்டி வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகத் திறந்தேன். ‘ஆபத்தை நான் ஏற்கிறேன்’ என்று இருந்த இடத்தில் அழுத்தினேன். அன்றிலிருந்து தினமும் காலையில் சிவப்பு எச்சரிக்கை வருகிறது. நீக்கு என்ற பொத்தான் பெரியது, வைத்திரு என்பது சின்னது. என் விரலை நான் நம்புவதில்லை, மேடம். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் அழுத்துகிறேன்.

இப்போது சொல்லுங்கள். ஆய்வகம் இருக்கிறது. கிணற்றில் எறிந்த போனிலிருந்தே செய்தியை எடுத்தோம் என்று கூட்டத்தில் நீங்கள்தான் சொன்னீர்கள். இது கிணற்றில்கூட விழவில்லை. பூப்போல வைத்திருக்கிறேன். என்ன? ரீசெட் செய்தால்? சாவியா? எந்தச் சாவி? உள்ளே இருப்பதெல்லாம் பூட்டித்தான் வைத்திருக்கும், ரீசெட் செய்ததும் சாவியை எரித்துவிடும், அப்புறம் யாராலும் திறக்க முடியாது என்கிறீர்களா? இல்லை, புத்தகத்தில் அப்படி இல்லை. இதோ பாருங்கள், நாற்பத்தாறாம் பக்கம். புத்தகம் வந்த ஆண்டா? இரண்டாயிரத்து மூன்று. இருந்தால் என்ன? உண்மை ஒன்று பழையதாகிவிடுமா?

பத்து சதவீதம் வாய்ப்பு இருக்காதா? ஒன்று? கேட்டுப் பார்க்கலாமே. எழுதித்தான் கேளுங்களேன்.

எல்லாம் வேண்டாம், மேடம். உணவு வேண்டாம், விருந்தினர் வேண்டாம். ஒன்றே ஒன்று போதும். எங்கள் பக்கத்தில் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள். முப்பத்தொன்பது வருஷத்தில் அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட அட்டையைத்தான் நீட்டுவாள். தை மாதம் கடைசிப் பதிவு அன்று, நாக்கு பாதி போன பிறகு, நான் காப்பி எடுத்துவர உள்ளே போன நேரத்தில் ஒரு பொத்தானில் பதிந்து வைத்திருக்கிறாள். ‘வேதமாணிக்கம்.’ முழுப் பெயர். மூன்று இடத்தில் வழுக்கியது. ‘இதை எடுத்துவிடு ரூபி, உச்சரிப்பும் சரியில்லை, மரியாதையும் இல்லை’ என்றேன். அவள் எடுக்கவில்லை. நான் வீட்டில் இருக்கும்போது ஒருநாளும் அதை அழுத்தவும் இல்லை. அதை எடுத்துக் கொடுத்தால் போதும், மேடம். வழக்கு எந்தப் பிரிவில் வேண்டுமானாலும் போடுங்கள். உள்ளே வைக்க வேண்டுமானால் வையுங்கள். போனை மட்டும் அனுப்புங்கள்.

என் கொள்கை மாறிவிட்டதா என்று கேட்கிறீர்களா? எப்படி மாறும்? ஜெபராஜ் அழுததை நான் பார்த்தேனே. கண்டதைக் கண்ட இடத்திலிருந்து ஏற்றுவதைத் தடுத்தே ஆக வேண்டும். விதிவிலக்கு மட்டும் இருக்க வேண்டும். பொறுப்புள்ளவர்களுக்கு, விவரம் தெரிந்தவர்களுக்கு. யார் யார் என்று ஒரு பட்டியல் தயாரித்து மனுவோடு இணைத்திருக்கிறேன். பதினான்காம் தேதி அடுத்த குடியிருப்பில் கூட்டமா? நான் பேச வேண்டுமா? வருகிறேன். எத்தனை மணிக்கு?

எழுந்து எங்கே போகிறீர்கள்? அவளிடம் கேட்க வேண்டாம், மேடம். மனுதாரர் நான். அவள் வெறும்... சரி. கேளுங்கள். ரூபி, இவர்கள்தான் அன்றைக்குக் கூட்டத்துக்கு வந்த மேடம். கேஸ் போட வேண்டுமா என்று கேட்கிறார்கள்.

தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறாள். வேண்டாம் என்கிறாள். கொஞ்சம் யோசித்துச் சொல் ரூபி. போனை எடுக்கிறாள், பாருங்கள். விரல் மடங்கவில்லை, கணுவால்தான் அழுத்துவாள்.

கேட்டீர்களா? அதுதான், மேடம்.

ஏட்டையா, நீங்கள் என்ன எழுதுகிறீர்கள்? நோட்டைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்கள். ‘எதிரியின் மனைவி நேரில் ஆஜராகி, போதும் விடுங்க என்று கூறியதன் பேரில் மனு மேல்நடவடிக்கையின்றி முடிக்கப்பட்டது.’

அவளுக்குப் பேனா பிடிக்க வராது. கைநாட்டுத்தான். மை டப்பா காய்ந்துபோயிருக்கிறதாம். ஏட்டையா இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கிறார்.